தங்கவயலில் ஒரு ஜோடி பூட்ஸ்

கோலார் தங்கவயல் என்ற பெயரைக் கேட்டவுடன் அன்பர்களின் நினைவு பொன்னின் மேல் செல்லும். அஃது இயல்பே. நூற்றிருபது ஆண்டுகளாக அங்கே நிலத்தைக் குடைந்து சுமார் 800 டன் பொன் எடுத்திருக்கின்றனர். அந்தப் பொன்னைப் பற்றி எழுதியவர் பலர். நான் எழுதப் புகுவது பூட்ஸைப் பற்றி.

நகைக்க வேண்டா. மழைக்காலம் நெருங்கினால் நம் குடும்பங்களில் எத்தனை வீடுகளில் இப்பேச்சு எழுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். கட்டட வேலைக்கும், தொழிற்சாலைக்கும், பண்டகசாலைக்கும், இருப்புப்பாதைப் பராமரிப்புக்கும் செல்லும் பிள்ளைகள் நம்மில் மிகுதி. ஈரத்தில் பத்து மணி நேரம் நின்று திரும்பும் காலுக்கு எதை அணிவிப்பது என்பது சிறிய கேள்வியன்று. கால் புண்ணானால் கூலி நிற்கும். கூலி நின்றால் வாடகை நிற்கும். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் பணமும் நிற்கும். இக்கேள்வியோடு நான் தங்கவயலுக்குச் சென்றதற்குக் காரணம் உண்டு. வெப்பத்திலும் ஈரத்திலும் கூரிய கல்லின் மீதும் நின்றே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த தமிழ் மக்கள் அங்கு வாழ்கின்றனர். காலணியைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதைவிட அவர்கள் சொல்வது மேல் என்று எண்ணினேன்.

பெங்களூரிலிருந்து ஜோலார்பேட்டை செல்லும் பெரும்பாதையில் பங்காருப்பேட்டையில் இறங்க வேண்டும். மைசூர்க் கமிஷனராக இருந்த பௌரிங் துரையின் பெயரால் முன்னாளில் இதற்குப் பௌரிங்பேட்டை என்று பெயர். இங்கிருந்து மாரிகுப்பம் வரை செல்லும் கிளைப்பாதை 16 கிலோமீட்டர் நீளமே. 1894-ஆம் ஆண்டில் சுரங்கங்களுக்காகவே போடப்பட்ட பாதை இது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று சுரங்கங்களின் பெயரையே நிலையங்கள் தாங்கி நிற்கின்றன. சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன, பெயர்கள் மூடப்படவில்லை. பாதையின் இருமருங்கிலும் கற்பாறைகளும், அவற்றுக்கப்பால் சாம்பல் நிறத்தில் சயனைடு மேடுகளும் தெரியும். பொன்னைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவு மண் அது. கோடையில் காற்றடித்தால் மாவுபோல் பறக்கும். மழை பெய்தால் குழம்பாகி வழியும். அந்தக் குழம்பு காலணித் தையல்களுக்குள் எப்படிப் புகுகிறது என்பதை அன்று மாலைக்குள் என் சொந்தக் காலணியிலேயே கண்டேன்.

நான் சென்ற காலை வேளையில் எதிர்த்திசை வண்டிக்குப் பெருங்கூட்டம் காத்திருந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, தங்கவயலின் பிழைப்பு பெரும்பாலும் இந்த வண்டிகளில்தான் ஓடுகிறது. விடியுமுன் எழுந்து பெங்களூருக்குச் சென்று இரவில் திரும்புவோர் ஆயிரக்கணக்கானவர். பயணச்சீட்டு கொடுக்கும் சன்னலுக்குள் அமர்ந்திருப்பவனுக்கு மனிதரின் கைகளே தெரியும். கால்களைப் பார்க்கும் வாய்ப்பு விடுமுறை நாளில்தான் கிட்டுகிறது. ஆகவே நின்று பார்த்தேன். ஒரு விந்தையைக் கண்டேன்: காலில் ரப்பர்ச் செருப்பு, தோள் பையில் பூட்ஸ். ஒருவர் இருவர் அல்லர், பலர் அவ்வாறே நின்றனர். பூட்ஸ் அழுக்காகிவிடும் என்ற அச்சமோ என்று ஒருவரைக் கேட்டேன்.

“அழுக்கு என்னா சார் அழுக்கு! போயி வர நாலு மணி நேரம் ஆவுது. அவ்ளோ நேரமும் உள்ளயே இருந்தா காலு வெந்துடும். வேலையில மட்டும் போட்டுக்குவோம்” என்றார்.

இந்த ஒரு மறுமொழிக்காகவே வந்த செலவு தகும் என்று தோன்றிற்று. காலணி எத்துணை நல்லதாயினும், கால் அதிலிருந்து வெளியே வந்து காற்று வாங்க வேண்டும். ஈரமும் வெம்மையும் விரலிடுக்கில் தங்கினால் தோல் வெளுத்து ஊறி, வெடித்து, பூஞ்சைப்புண் பற்றும். நீரிழிவு உள்ளவருக்கு இதன் முடிவு மிகக் கொடியது.

தங்கவயலின் வரலாற்றை நம் வாசகர்களில் பலர் தம் பாட்டனாரிடமே கேட்டிருப்பர். ஆகவே சுருங்கச் சொல்லி அப்பால் செல்கிறேன். 1875-இல் லவேல் என்ற ஐரோப்பியர் பொன் தேட அனுமதி பெற்றார். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கம் தோண்டினர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தோன்றிற்று. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் அஞ்சி வந்த எளிய மக்களே இச்சுரங்கங்களில் இறங்கினர். மூங்கில் தட்டியால் கட்டிய லைன் வீடுகளில் குடியிருந்தனர். பழைய நிழற்படங்களைப் பாருங்கள். துரைமார் முழங்கால் வரை பூட்ஸ் அணிந்து நிற்பர். அவர்கள் அருகே துளைக்கருவியைத் தாங்கி நிற்கும் நம்மவரின் கால் வெறுங்காலாக இருக்கும்.

வெறுங்காலால் வரும் கேடு கல் குத்துவதோடு முடிவதில்லை. சுவிட்சர்லாந்தில் கோத்தார்டு மலைக் குகைப்பாதை தோண்டியபோது, 1880-ஆம் ஆண்டு வாக்கில், தொழிலாளர் பலர் இரத்தம் சுண்டி வெளிறி மாண்டனர். கொக்கிப்புழுவே காரணம் என்று மருத்துவர் கண்டனர். அப்புழுவின் குஞ்சு ஈரமண்ணிலிருந்து தோலைத் துளைத்தே உடம்பினுள் புகுகிறது என்பதைக் கெய்ரோவில் லூஸ் என்ற அறிஞர் 1898-இல் வெளியிட்டார். 1902-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் டோல்கோத் சுரங்கத்திலும் இந்நோய் பரவியிருந்ததை ஹால்டேன் என்ற அறிஞர் கண்டறிந்தார். அந்தக் கார்ன்வாலிலிருந்துதான் தங்கவயலுக்கும் ஐரோப்பியச் சுரங்கத் தொழிலாளர் வந்தனர் என்பதை இங்கே நினைத்துக் கொள்ளலாம். கடல் கடந்த நம்மவரையும் இப்புழு விடவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளரிடையே இதனை ஒழிக்க அமெரிக்க ராக்ஃபெல்லர் அறநிலையத்தார் 1916-இல் பணி தொடங்கினர். கழிப்பிடம், மருந்து, காலணி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இந்நோய்க்கு முடிவு.

சாம்பியன் ரீஃபில் லைன் வீடொன்றில், நம் சங்க அன்பர் ஒருவரின் உறவினரான முதியவரைச் சந்தித்தேன். சுரங்கம் மூடப்படும் வரை நிலத்தின் கீழே பணி செய்தவர். எழுபதைக் கடந்தவர். திண்ணையில் அமர்ந்திருந்தவர் நான் வந்த காரணத்தைக் கேட்டதும் சிரித்தார். பின்பு சிரிப்பை நிறுத்தி, பக்கத்தில் நின்ற பேரனைக் காட்டினார்.

“எங்க அப்பா வெறுங்காலோட எறங்கினவரு தம்பி. நான் கம்பெனி குடுத்த பூட்ஸோட எறங்கினேன். இவன் சொந்தக் காசுல பூட்ஸ் வாங்கிக்கிட்டுக் கூலி வேலைக்குப் போறான். எது முன்னேற்றம்னு நீங்கதான் சொல்லணும்.”

எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை. அவர் சொன்னதற்குச் சட்டமும் சான்று. 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க விதிகள், தகுந்த பாதுகாப்புக் காலணி அணியாத எவரும் சுரங்கத்தினுள் செல்லலாகாது என்றும், அதனை உரிமையாளரே விலையின்றி வழங்க வேண்டும் என்றும் வகுத்தன.

“பூட்ஸ் இருந்தும் கீழே கால் நனையுமா, பெரியவரே?” என்று கேட்டேன்.

“துளை போடும்போது தூசி எழும்பாம இருக்கத் தண்ணி விடுவாங்க. அது ஒரு ஈரம். அதவிட வேர்வைதான் பெரிசு. மேலே வந்து கழட்டினா பூட்ஸ்ல இருந்து ஊத்தும். மேலேருந்து பெய்யுற மழைக்குப் பூட்ஸ் இருக்கு. காலுக்குள்ளயே பெய்யுற மழைக்கு என்னா இருக்கு?”

அவர் மிகைப்படுத்தவில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும். இயந்திரத்தால் குளிரூட்டிய காற்றைக் கீழே செலுத்தியே வேலை வாங்கினர். “ஏர்பிளாஸ்ட்” என்று தங்கவயல்வாசிகள் வழங்கும் பாறைவெடிப்பு நேர்ந்தால் எந்தப் பூட்ஸும் காவாது. ஆனால் அன்றாடம் காலில் விழும் கல், வழுக்கும் ஏணிப்படி, தண்டவாள இடுக்கு ஆகியவற்றிலிருந்து காத்தது அந்தப் பூட்ஸே என்றார் அவர்.

பேரனின் கதை வேறு. இருபத்திரண்டு வயது, பெங்களூரில் ஒரு கட்டடத்தில் கான்கிரீட் ஊற்றும் வேலை. அங்கே யாரோ விட்டுச் சென்ற கம்பூட்ஸ் ஒன்றை அவனுக்குக் கொடுத்திருக்கின்றனர். அவன் காலுக்கு அஃது இரண்டு அளவு பெரியது. ஈரக் கான்கிரீட் மேல்விளிம்பு வழியே உள்ளே வழிந்துவிட்டது. எரிச்சல் தெரியவில்லை, வேலை முடியட்டும் என்று இருந்துவிட்டான். மாலையில் கழற்றியபோது கணுக்காலைச் சுற்றித் தோல் வெந்திருந்தது. பன்னிரண்டு நாள் கூலி போயிற்று. ஈரச் சிமெண்டின் காரம் சுண்ணாம்பின் காரத்தைப் போன்றது. முதலில் வலிக்காது, மணிக்கணக்கில் தோலைத் தின்னும். ஆகையால் சிமெண்டு உள்ளே புகுந்தது தெரிந்தால் மேஸ்திரி என்ன சொன்னாலும் உடனே கழற்றி, நல்ல நீரை நிறைய ஊற்றிக் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். இன்னொன்றையும் அன்பர்கள் அறிய வேண்டும். கட்டடத் தொழிலாளருக்கென மத்திய அரசு 1998-இல் வகுத்த விதிகள், நீரிலும் ஈரக் கான்கிரீட்டிலும் வேலை செய்வோருக்கு நீர்புகாத பூட்ஸ் வழங்கப்பட வேண்டும் என்றே கூறின. நல்ல பூட்ஸைக் கேட்டுப் பெறுவது பிச்சையன்று. கேட்டால் வேலை போய்விடுமோ என்று அஞ்சும் இளைஞனிடம் இதனை எளிதாகச் சொல்லிவிடலாம். அவன் நிலையில் நின்று கேட்பது எளிதன்று என்பதையும் அறிவேன். அதனால் சங்கத்துப் பெரியோர் இருவர் மூவர் சேர்ந்து சென்று ஒப்பந்தக்காரரிடம் பேசுவது நலம்.

அன்று பிற்பகல் மூவரும் ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதிக்குச் சென்றோம். முதியவர் மாலையில்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். பகலெல்லாம் நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். அப்போது பொருந்துவதே வேலையில் பொருந்தும் என்பது அவர் வாதம். வேலைக்கு அணியும் அதே காலுறையையும் பேரனிடம் எடுத்துவரச் சொல்லியிருந்தார். கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்ட ஜோடி பளபளவென்று இருந்தது. முதியவர் அதனைக் கையில் வாங்கி, முன்பக்கத்தைப் பிடித்து வளைத்தார். நடுவயிற்றில் மடங்கிற்று. “நம்ம காலு இங்கயா மடங்குது?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பாதம் மடங்குவது விரல்களின் அடியில். பூட்ஸும் அங்கேதான் மடங்க வேண்டும். நடுவில் மடங்குவது உள்ளங்காலைத் தாங்காது, விரைவில் உடையும்.

அடுத்ததன் உள்ளே கையை விட்டு, விரல் நுனியால் தையலையெல்லாம் தடவினார். முரடான விளிம்பு, ஆணிமுனை, மடிந்த துணி எதுவும் கைக்குத் தெரிந்தால் அது காலுக்குக் கொப்புளம். பின்பு நாக்கை, அதாவது நாடாவின் கீழே வரும் தோலை, இழுத்துப் பார்த்தார். அந்நாக்கு இருபுறமும் பாதி உயரம் வரையாவது மேற்தோலோடு இணைத்துத் தைக்கப்பட்டிருந்தால் தேங்கிய நீரில் மிதிக்கும்போது நாடாவின் வழியே நீர் புகாது. தனித்துத் தொங்கினால் மேற்தோல் எத்துணை உயர்ந்ததாயினும் பயனில்லை. இதனை நான் அதுவரை கவனித்ததே இல்லை.

பேரனை அணியச் சொல்லி, கடையில் நடக்க மட்டுமன்றி வாசற்படியில் இறங்கவும் செய்தார். இறங்கும்போது விரல் முன்னே போய் இடித்தால் சிறியது. ஏறும்போது குதிகால் தூக்கினால் பெரியது. நீண்ட விரலுக்கு முன்னே ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இரும்புமூக்கு வைத்த பூட்ஸில் இது மிக முக்கியம். தோல் நாளடைவில் இளகும், இரும்பு இளகாது. கடைக்காரர் பொறுமைசாலி, எட்டு ஜோடி எடுத்துப் போட்டார்.

இங்கே நான் படித்தறிந்த சிலவற்றையும் சேர்க்கிறேன். பாதுகாப்புக் காலணிக்கு ஐ.எஸ். 15298 என்ற இந்தியத் தர எண் உண்டு. நாக்கின் உட்புறத்திலோ அடியிலோ ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அதனைத் தேடுங்கள். மூக்குக்கவசம் 200 ஜூல் தாக்குதலைத் தாங்க வேண்டும் என்பது அளவு. அதாவது, 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பானது. எஸ் 1 என்பது உலர்ந்த இடத்துக்கு. எஸ் 2 என்றால் மேற்தோல் நீரை ஓரளவு தடுக்கும். எஸ் 3 என்றால் அதனோடு ஆணி ஏறாத தகடும், வழுக்காத பள்ளங்கள் கொண்ட அடியும் இருக்கும். மழையில் கட்டட வேலைக்கு எஸ் 3 தகும். பண்டகசாலையின் சிமெண்டுத் தரைக்கு அவ்வளவு கனம் தேவையில்லை; வீண் சுமை முழங்காலைத் தாக்கும்.

அடிப்பாகத்தில் ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. பி.யு. என்று சொல்லும் பாலியுரேத்தேன் அடி இலேசானது, மெத்தென்றிருக்கும். ஆனால் பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்தால் காற்றின் ஈரமே அதனைச் சிதைத்துவிடும். அணிந்த சில நாளில் பிஸ்கோத்துப்போல் பொடியும். ஆகவே தயாரித்த மாதமும் ஆண்டும் பார்த்து வாங்க வேண்டும். மலிவு என்று இரண்டு ஜோடி வாங்கி ஒன்றைப் பரண்மேல் வைப்பதும் வீண். சூடான இடத்திலும் எண்ணெய்த் தரையிலும் நைட்ரைல் ரப்பர் அடி நெடுநாள் வரும்.

தோலைப் பற்றியும் ஒரு சொல். தங்கவயலிலிருந்து வண்டியில் கீழிறங்கினால் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை எல்லாம் தோல் ஊர்கள். ஆவாரம்பட்டையில் தோல் பதனிடும் தொழில் நம் நாட்டில் பழையது. இந்நாளில் பூட்ஸின் மேற்தோல் பெரும்பாலும் குரோமிய உப்பால் பதனிடப்படுகிறது. சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் இத்துறையில் பணி செய்து வருகிறது. மாட்டின் மேல்தோல் முழுமையாக இருப்பது உறுதியானது. அதன் கீழ்ப்படலத்தை உரித்து, மேலே பிளாஸ்டிக் பூசி விற்பதும் உண்டு. அது மிகப் பளபளக்கும், மடிப்பில் உரியும். தோலை விரலால் அழுத்திப் பாருங்கள். மெல்லிய சுருக்கங்கள் ஓடினால் நம்பலாம். ரப்பர் பந்துபோல் குழிந்து எழுந்தால் ஐயுறுங்கள்.

கம்பூட்ஸ் தேங்கிய நீருக்கும் கான்கிரீட்டுக்கும் இன்றியமையாதது. ஆனால் அதற்குள் வேர்வை போக வழியில்லை. நீரில் நிற்கும் நேரத்துக்கு மட்டும் அணிந்து, இடைவேளையில் கழற்றி, காலுறையை மாற்ற வேண்டும். காற்சட்டையின் அடியைப் பூட்ஸுக்கு உள்ளே செருகாமல் வெளியே விட்டால் வழிந்து வருவது உள்ளே போகாது. மழைநாளில் முழுப்பருத்திக் காலுறை நீரைக் குடித்துக்கொண்டு விடாது. கம்பளியும் செயற்கை நூலும் கலந்தது மேல்.

விலையைக் கேட்டு முதியவர் சற்றுத் தயங்கினார். பேரனுக்கு மலிவான ஜோடியின் மேல் ஒரு கண். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஐந்நூறு ரூபாய் ஜோடி நான்கு மாதம் வந்தால் மாதம் நூற்றிருபத்தைந்து ஆகிறது. ஆயிரத்து இருநூறு ரூபாய் ஜோடி ஓராண்டு வந்தால் மாதம் நூறுதான். எழுத்தர் வேலையால் வந்த புத்தி அது. முதியவர் அந்தக் கணக்கைக் கேட்டதாகவே தெரியவில்லை. “பன்னெண்டு நாள் கூலி போனதே, அதைக் கணக்குல சேருங்க தம்பி” என்று சொல்லி, மடியிலிருந்து பணத்தை எடுத்து வைத்தார். “தாத்தா, நான் குடுக்கிறேன்” என்று பேரன் தடுத்தான். “இந்த ஒரு ஜோடி நான் வாங்கித் தரேன்டா. எனக்கு யாரு வாங்கித் தந்தா, கம்பெனிதானே?” என்றார்.

வீடு திரும்பும் வழியில் தூறல் பிடித்துக்கொண்டது. புதிய பூட்ஸை உடனே மழையில் இறக்கக்கூடாது என்று பெட்டியைத் துண்டால் போர்த்திக் கொண்டார் முதியவர். முதலில் நாலைந்து நாள் வீட்டில் ஒரு மணி நேரம் அணிந்து பழக வேண்டும். மெழுகுப் பாலிஷ் இருமுறை பூச வேண்டும். தையல் ஓரங்களில் விளக்கெண்ணெய் ஒரு துளி தடவலாம், அதிகம் கூடாது, தோல் தளர்ந்துவிடும். இவை அவர் வழிநெடுகப் பேரனுக்குச் சொன்னவை. நனைந்து வந்தால் அடுப்பருகே வைப்பது பெருங்கேடு. தோல் விறைத்து வெடிக்கும். சேற்றை நீரால் கழுவி, உள்ளிருக்கும் அட்டையை வெளியே எடுத்து, பழைய காகிதத்தைச் சுருட்டி உள்ளே திணித்து, நிழலில் காற்றாட வைக்க வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை காகிதத்தை மாற்றினால் விடிவதற்குள் உலரும். நம் சங்க இதழும் இதற்கு நன்றாகப் பயன்படும். வீட்டில் எல்லோரும் படித்து முடித்த பிறகு என்றால் ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.